மகளுக்கு கெமிக்கல் இன்ஜினியரிங்: மும்பையில் இருந்துகொண்டு எப்படித் திட்டமிடலாம்?

உடன்குடிக்காரன் | மே 4, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு தோல் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் உடன்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், அப்பா பனையேறி. நான் மும்பைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

மகள் பிறந்தது, படிப்பது எல்லாம் இங்கேதான். மகாராஷ்டிரா போர்டில் பதினொன்றாம் வகுப்பு முடித்துவிட்டாள், அடுத்தது பன்னிரண்டு. கெமிஸ்ட்ரி என்றால் அவளுக்கு உயிர். கெமிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸில் போடு என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டைப் பற்றியும் தெரியாது.

மாட்டுங்காவில் ஒரு பெரிய காலேஜ் இருக்கிறது என்கிறார்கள். அங்கே எப்படிச் சேருவது? ஊர்ப்பக்கம் அனுப்பினால் நல்லதா? பெண்பிள்ளை வேலை பார்க்கிற இடமா அது? கெமிஸ்ட்ரி பிடித்தால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரு வருடம்தான் கையில் இருக்கிறது.


செம்பூர்_பென்ஷன் | மே 4, இரவு 11:30

தம்பி, நான் செம்பூர்ப் பக்கம் ஒரு உரத் தொழிற்சாலையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிக் கேள்விதான் முக்கியமான கேள்வி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கெமிஸ்ட்ரி பிடித்தால் மட்டும் போதாது. ஏன் என்பதை எங்கள் பிளாண்டை வைத்தே சொல்கிறேன். காற்றில் இருக்கும் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து, உரத்துக்கு மூலப்பொருளான அம்மோனியாவைச் செய்ய முடியும் என்று 1909ல் ஹேபர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி மேசை மேல் செய்து காட்டினார். அழுத்தம் சுமார் 200 மடங்கு காற்றழுத்தம், வெப்பம் 500 டிகிரிப் பக்கம். அம்மோனியா சொட்டுச் சொட்டாக வந்தது. அது கெமிஸ்ட்ரி.

அதையே டன் கணக்கில் செய்யும் வேலை பாஷ் என்பவர் கைக்கு வந்தது. அவர் இரும்புக் குழாயைத் தடிமனாகச் செய்து ஓட்டிப் பார்த்தார். சில நாளிலேயே வெடித்தது. அந்த வெப்பத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து, அதிலிருக்கும் கார்பனைத் தின்று, எஃகை நொறுங்க வைத்துவிடுகிறது. கடைசியில் உள்ளே கார்பன் குறைந்த மெல்லிய இரும்பால் ஒரு உறை, வெளியே அழுத்தத்தைத் தாங்கும் எஃகு, அந்த எஃகில் சின்னச் சின்னத் துளைகள், கசியும் ஹைட்ரஜன் வெளியேற. 1913ல் ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற ஊரில் முதல் தொழிற்சாலை ஓடியது. ஹேபருக்கு நோபல் கிடைத்தது 1918ம் ஆண்டுக்கானது, பாஷுக்கு 1931ல். வேதிவினை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பாஷ் செய்ததுதான் உங்கள் மகள் படிக்கப் போவது.

எந்தக் குழாயில் எவ்வளவு போகும், வெப்பத்தை எப்படி எடுப்பது, கலந்ததை எப்படிப் பிரிப்பது, எது உடையும், எவ்வளவு செலவாகும். நான்கு வருடமும் இதுதான். இதற்கு வேண்டியது கணக்கும் இயற்பியலும். உப்புப் பரிசோதனையில் நிறம் மாறுவது பிடிக்கிறது என்பதற்காக வந்தால் இரண்டாம் வருடத்தில் திகைத்துப்போவாள். அவளுக்கு உண்மையில் எது பிடிக்கிறது என்று உட்கார்ந்து கேளுங்கள். வேதிப்பொருளும் வினையும் மட்டும்தான் என்றால் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி அருமையான படிப்பு, அதில் குறைவு ஒன்றும் இல்லை.


மாட்டுங்கா_98_பேட்ச் | மே 5, காலை 7:05

அண்ணா, நீங்கள் சொல்லும் காலேஜில்தான் நான் படித்தேன். அப்போது யுடிசிடி என்பார்கள், பழைய ஆட்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். 1933 அக்டோபர் 1ல் பம்பாய் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாக ஆரம்பித்தது. 2008ல் தனிப் பல்கலைக்கழக அந்தஸ்து வந்து இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி ஆனது, சுருக்கமாக ஐசிடி. முகேஷ் அம்பானி படித்த இடம் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குப் பெருமை எம்.எம். ஷர்மா. அங்கேயே படித்து, அங்கேயே பேராசிரியராகி, 1990ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனவர். இந்தியாவிலிருந்து அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கெமிக்கல் இன்ஜினியர் அவர்தான்.

இனி சேர்க்கை. அங்கே இரண்டு வகைப் பட்டம் இருப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஒன்று பேச்சலர் ஆஃப் கெமிக்கல் இன்ஜினியரிங். இன்னொன்று பி.டெக்., அதில் சாயம், எண்ணெய், பாலிமர், பெயின்ட், மருந்து, உணவு, நார் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கிளை. முதல் வகைக்குத்தான் அடிதடி. ஆனால் இரண்டாவதை ஏளனமாக நினைக்காதீர்கள். பெயின்ட் படித்த என் அறைத்தோழி இன்று என்னைவிட ஆழமாகத் தன் துறையை அறிந்தவள்.

சீட்டில் பெரும்பகுதி சிஇடி என்ற மகாராஷ்டிரா நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கு, மீதி ஜேஇஇ மெயின் என்ற அகில இந்திய நுழைவுத்தேர்வுக்கு. உங்கள் மகளுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கிறது. சிஇடியில் இயற்பியல் 50 கேள்வி, வேதியியல் 50 கேள்வி, தலைக்கு ஒரு மார்க். கணிதம் 50 கேள்வி, தலைக்கு இரண்டு. மொத்தம் 200, அதில் பாதி கணக்கு. தப்புக்கு மார்க் குறைப்பது கிடையாது. கேள்விகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வரும், அதனால் முடிந்த வருடத்துப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட வேண்டாம்.

கேம்பஸ் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம்தான். தாராவியிலிருந்து ஒரு பஸ் தூரம். ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள். அப்பா என்னை அப்படித்தான் கூட்டிப் போனார்.


உடன்குடிக்காரன் | மே 5, இரவு 9:48

ரொம்ப நன்றி ஐயா, நன்றி அக்கா. பாஷ் கதையை அவளிடம் வாசித்துக் காட்டினேன். துளை போட்டது அவளுக்கு ரொம்பப் பிடித்தது, இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். ஆனால் கணக்கு என்றதும் முகம் வாடிவிட்டது. பதினொன்றில் கெமிஸ்ட்ரி 88, கணக்கு 61. இது சரிவருமா?


பாண்டுப்_தகப்பன் | மே 5, இரவு 10:20

மார்க் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் பேப்பர் விஷயம் சொல்கிறேன், போன வருடம் இதில் அடிபட்டவன்.

ஒன்று. மகள் மகாராஷ்டிராவில் பிறந்து, பத்தும் பன்னிரண்டும் இங்கேயே தேறினால் மாநில ஒதுக்கீட்டில் வருவாள். பிறப்புச் சான்றிதழில் பெயர், பள்ளி விடுப்புச் சான்றிதழில் பெயர், ஆதாரில் பெயர் மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம் ஆட்களுக்கு இன்ஷியல்தான் எமன். இங்கே அப்பா பெயரையும் குடும்பப் பெயரையும் கேட்பார்கள். என் மகனுக்கு மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது, திருத்த இரண்டு மாதம் ஆனது.

இரண்டு. தமிழ்நாட்டில் வாங்கிய பிற்படுத்தப்பட்டோர் (ஓ.பி.சி.) சான்றிதழ் இங்கே செல்லாது. மகாராஷ்டிரா சான்றிதழ் வேண்டுமென்றால் உங்கள் சாதி இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும், 1967 அக்டோபர் 13க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரமும் வேண்டும். நீங்கள் வந்தே இருபத்திரண்டு வருடம் என்பதால் பொதுப்பிரிவு என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். இதை சீட் கிடைக்கும் நாளில் தெரிந்துகொண்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று. பணம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 8 லட்சத்துக்குக் கீழே என்றால் டியூஷன் ஃபீ வேய்வர் என்ற திட்டம் இருக்கிறது, சாதி பார்க்காது. ஒவ்வொரு பிரிவிலும் 5 சதவீதம் கூடுதல் சீட், அதில் கல்விக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்ய மறந்தால் போச்சு. பெண்பிள்ளைகளுக்கு 2024ல் மகாராஷ்டிரா அரசு ஒரு உத்தரவு போட்டது. அதே 8 லட்ச வரம்புக்குள் இருக்கும் இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு), எஸ்.இ.பி.சி. (சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பு), ஓ.பி.சி. மாணவிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழு விலக்கு. உங்களுக்கு இ.டபிள்யூ.எஸ். பொருந்துமா என்று தாசில்தார் அலுவலகத்தில் விசாரியுங்கள். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், ஜூன் ஜூலையில் வரிசை தெருவுக்கு வந்துவிடும்.


பொவாய்_டிசைன் | மே 6, காலை 6:40

நான் பிராசஸ் டிசைன் வேலையில் பதினைந்து வருடமாக இருக்கிறேன். 61 என்ற நம்பரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். எனக்கு அவளைப் பற்றித் தெரிய வேண்டியது வேறு. ஒரு கணக்கு தருகிறேன், அவளிடம் கொடுங்கள். உங்கள் ஊர்க் கணக்குதான்.

தாத்தா பனையேறி என்றீர்களே. 100 கிலோ பதநீர் இருக்கிறது. அதில் 12 கிலோ சர்க்கரை, மீதி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ச்சிக் கருப்பட்டி செய்கிறோம். கருப்பட்டியில் 8 சதவீதம் ஈரம் நிற்கிறது. எத்தனை கிலோ கருப்பட்டி வரும்? எத்தனை கிலோ தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும்? ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2257 கிலோஜூல் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 15,000 கிலோஜூல் தரும் என்று வைத்துக்கொண்டால், வெப்பம் கொஞ்சமும் வீணாகாமல் இருந்தால் எத்தனை கிலோ விறகு? ஊரில் நிஜமாக எவ்வளவு எரிக்கிறார்கள்?

இதில் கூட்டல், பெருக்கல், வகுத்தல் தவிர வேறு கணக்கு இல்லை. ஆனால் என் படிப்பின் முதல் வருடம் முழுக்க இதுதான். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மீதி எங்கே போனது? இரண்டாம் வருடத்தில் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் வரும், அதைப் பயிற்சியில் பிடித்துவிடலாம். மீதி எங்கே போனது என்ற தவிப்பை மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. அது இருந்தால் 61 ஐ 85 ஆக்க ஒரு வருடம் தாராளம்.

விடையை அவளே எழுதட்டும். நீங்கள் உதவ வேண்டாம்.


ஐரோலி_மென்பொருள் | மே 6, மதியம் 1:15

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். நானும் கெமிக்கல்தான் படித்தேன், மும்பைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒரு தனியார் காலேஜ். இன்று மென்பொருள் வேலை. ஐயா, இதையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் வகுப்பில் பிளாண்டுக்குப் போனவர்கள் குறைவு. போனவர்களுக்கும் வேலை மும்பைக்குள் இல்லை. தாராபூர், மஹாட், லோட்டே, குஜராத் பக்கம் அங்கலேஷ்வர், தஹேஜ், ஜாம்நகர். இந்தத் துறை ஊருக்கு வெளியேதான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஆரம்பச் சம்பளமும் மென்பொருள் பசங்களோடு ஒப்பிட்டால் மனதைக் கஷ்டப்படுத்தும். எனக்கு நான்காவது வருடம்தான் இதெல்லாம் தெரிந்தது. எங்கள் காலேஜில் லேபில் பாதி மெஷின் ஓடாது, ரீடிங்கை சீனியர் நோட்டிலிருந்து எழுதினோம். கலந்த திரவங்களை ஆவியாக்கிப் பிரிக்கும் டிஸ்டிலேஷன் கோபுரம் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமலே நாங்கள் பட்டம் வாங்கினோம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அதனால் பிரிவை மட்டும் பார்த்து ஏதோ ஒரு காலேஜில் சேர்க்காதீர்கள். இந்தப் படிப்புக்கு லேப் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பக்கத்தில் தொழிற்சாலை வேண்டும். சேரும் முன்னால் போய் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பம்ப் ஓடுகிறதா, அந்தக் கோபுரத்தில் ஆவி ஏறுகிறதா என்று பாருங்கள். நல்ல காலேஜ் கிடைக்காவிட்டால் வேறு பிரிவை யோசியுங்கள். கெமிக்கலில் சேர்ந்துவிட்டு அப்புறம் ஐடிக்குத் தாவிக்கொள்ளலாம் என்று மட்டும் போகாதீர்கள், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாக நிற்க வேண்டி வரும்.


மாட்டுங்கா_98_பேட்ச் | மே 6, மாலை 6:02

ஐரோலி தம்பி சொன்னதில் லேப் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. சம்பள விஷயத்திலும் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் பத்து வருடம் கழித்துப் பிளாண்ட் அனுபவம் உள்ளவரைத் தேடித் தேடி எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசு வழியும் இருக்கிறது. பட்டம் முடிப்பவர்களுக்கான கேட் (GATE) தேர்வு எழுதிப் பொதுத்துறைக்குப் போகலாம். அணுசக்தி நகரில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (BARC) பயிற்சிப் பள்ளி 1957லிருந்து நடக்கிறது, கெமிக்கல் இன்ஜினியர்களை ஒவ்வொரு வருடமும் எடுக்கிறார்கள், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் உண்டு. செம்பூரிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம்தான்.


முலுண்ட்_அம்மா | மே 6, இரவு 8:30

நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள், அதனால் கேட்கிறேன். வெடிப்பு, கசிவு என்று செய்தி வந்தாலே நெஞ்சு பதறுகிறது. 2018 ஆகஸ்டில் மாஹுல் ரிஃபைனரியில் வெடித்தபோது செம்பூரில் என் அக்கா வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. போபாலை யார் மறப்பார்கள்? அப்படிப்பட்ட வேலைக்குப் பெண்பிள்ளையை எந்தத் தைரியத்தில் அனுப்புவது? ராத்திரி ஷிப்ட் வேறு.


செம்பூர்_பென்ஷன் | மே 6, இரவு 10:05

அம்மா, உங்கள் பயம் நியாயமான பயம். அதைத் தட்டிவிட எனக்கு மனம் இல்லை. போபால் ஏன் நடந்தது என்பதை நாங்கள் புதிதாக வருகிற ஒவ்வொரு பையனுக்கும் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்தோம்.

லேபில் ஒரு லிட்டர் குடுவையில் ஒரு வினை சூடாகிறது என்று வையுங்கள். சுற்றிலும் கண்ணாடிச் சுவர், வெப்பம் அது வழியே போய்விடும். அதையே 10,000 லிட்டர் ரியாக்டரில், அதாவது வினை நடக்கும் பெரிய கலத்தில், செய்கிறீர்கள். உள்ளே பிறக்கும் வெப்பம் 10,000 மடங்கு. ஆனால் பாத்திரத்தின் நீளமும் அகலமும் உயரமும் ஏறக்குறைய இருபத்தொன்றரை மடங்குதான் கூடியிருக்கும், ஆகவே சுவரின் பரப்பு 460 மடங்குப் பக்கம்தான். ஒவ்வொரு லிட்டருக்கும் வெப்பம் வெளியேறக் கிடைக்கும் சுவர் இருபது மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. குடுவையில் சாதுவாக இருந்தது இங்கே பொங்கும். வெப்பம் கூடக் கூட வினையின் வேகம் கூடும், வேகம் கூட இன்னும் வெப்பம்.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு நடந்தது இதுதான். சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தத் தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரம் பல மாதமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. வாயுவைச் செயலிழக்கச் செய்யும் அமைப்பும் எரித்துவிடும் கோபுரமும் அந்த நேரத்தில் காப்பாற்றும் நிலையில் இல்லை. அவ்வளவு பெரிய தொட்டியில் அதைச் சேர்த்து வைக்கலாமா, குளிர்விப்பை நிறுத்தலாமா என்று கேட்கவும் தடுக்கவும் வேண்டிய ஆள் கெமிக்கல் இன்ஜினியர். ஆபத்து இருக்கிறது என்பதனால்தான் அங்கே நன்றாகப் படித்த, பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்கிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் வால்வ் லைனில் எழுத்துப்பூர்வமான அனுமதி (பெர்மிட்) இல்லாமல் ஒருவன் ஸ்பானர் வைத்ததில்லை. அந்தக் கட்டுப்பாட்டை எங்களுக்குப் பழக்கியது ஒரு பெண் சேஃப்டி ஆபீசர்தான்.


தலோஜா_பி_ஷிப்ட் | மே 7, அதிகாலை 1:20

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். எனக்கு வயது 27, மருந்து மூலப்பொருள் செய்யும் பிளாண்டில் ஷிப்ட் இன்ஜினியர், பெண். 1948 ஃபேக்டரீஸ் சட்டத்தின் 66வது பிரிவு பெண்கள் இரவு 7 மணியிலிருந்து காலை 6 வரை தொழிற்சாலையில் வேலை பார்க்கக் கூடாது என்றது. பல வருடம் இதைக் காட்டியே பெண்களை எடுக்காமல் இருந்தார்கள். பின்னால் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தளர்த்தின. இன்று வண்டி, பாதுகாப்பு, சம்மதம் என்று நிபந்தனைகளோடு இரவிலும் வேலை பார்க்கிறோம்.

முலுண்ட் அம்மா, என் ஷிப்ட் எப்படி என்று சொல்கிறேன். முதல் அரைமணி நேரம் முந்தைய ஷிப்டிடம் கேட்டு வாங்கிக்கொள்வது, எந்த ரியாக்டரில் என்ன ஓடுகிறது, எது கோளாறு என்று. அப்புறம் ஒரு சுற்று நடை. எட்டு மணி நேரத்தில் பாதி கண்ட்ரோல் ரூம் திரை முன்னால், பாதி படியேறி இறங்குவது. கால் வலிக்கும். முதல் வருடம் ஆபரேட்டர் அண்ணன்கள் "இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்" என்பதுபோல் பார்த்தார்கள். ஒரு நாள் ஆவியைக் குளிரவைக்கும் கண்டென்சரில் தண்ணீர் வரத்து குறைந்ததை நான் திரையில் பார்த்துச் சொன்னேன். அதற்கப்புறம் என்னைக் கேட்காமல் பேட்ச் ஏற்றுவதில்லை.

ஒரு உதவி வேண்டும். வேலைக்குச் சேரும் முன் பெண்கள் கழிப்பறை பிளாண்டுக்குள் எங்கே இருக்கிறது என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்கவில்லை, முதல் வேலையில் முக்கால் கிலோமீட்டர் நடந்தேன். இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை.


கிண்டி_இரண்டாம்_வருடம் | மே 7, மாலை 5:45

அங்கிள், நான் செம்பூரில் வளர்ந்து இப்போது சென்னை ஏசி டெக்கில் (அழகப்பா காலேஜ் ஆஃப் டெக்னாலஜி) கெமிக்கல் படிக்கிறேன். அழகப்பச் செட்டியார் கொடையில் 1944ல் தொடங்கிய காலேஜ், இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தோடு கிண்டியில். ஊர்ப்பக்கம் அனுப்பலாமா என்று கேட்டீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் 2007லிருந்து இன்ஜினியரிங்குக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான். கணக்கை 100க்கும், இயற்பியலையும் வேதியியலையும் தலா 50க்கும் மாற்றி 200க்கு கட் ஆஃப் போடுவார்கள். இங்கேயும் பாதி கணக்குதான்! வெளிமாநிலத்தில் படித்திருந்தாலும் தமிழ்நாட்டைச் சொந்த ஊராகக் கொண்டவர் விண்ணப்பிக்கலாம், ஆனால் நேட்டிவிட்டி சர்டிபிகேட் கட்டாயம். இ-சேவை மூலம் விண்ணப்பித்து டிஜிட்டல் கையெழுத்தோடு வாங்க வேண்டும்.

எனக்கு இதில்தான் உயிர் போய் வந்தது. அப்பா பெயரில் ஊரில் ரேஷன் கார்டு இல்லை, வீட்டு வரி ரசீது பெரியப்பா பெயரில். ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். கடைசி தேதிக்கு நான்கு நாள் முன்னால் கிடைத்தது. நீங்கள் இந்த லீவிலேயே ஊருக்குப் போய் தாத்தா வீட்டு வரி ரசீது, உங்கள் பள்ளிச் சான்றிதழ், அங்கே படித்ததற்கான ஆதாரம் எல்லாம் எடுத்து விண்ணப்பித்துவிடுங்கள்.

இன்னொன்று. கெமிஸ்ட்ரி ரொம்பப் பிடிக்கும் என்றால் காரைக்குடி செக்ரியைப் பாருங்கள். மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குள்ளேயே கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் என்று ஒரு பி.டெக். நடக்கிறது. பேட்டரி, துருப்பிடித்தல், முலாம் பூசுவது எல்லாம் அங்கே உண்டு. ஜேஇஇ எழுதினால் மத்திய அரசின் என்ஐடி காலேஜ்கள் வழியும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினாளோ அதுதான் அவள் சொந்த மாநிலம் என்று கணக்கு, அதனால் நாக்பூர் என்ஐடியில் அவளுக்கு உள்மாநில ஒதுக்கீடு, திருச்சியில் வெளிமாநிலம். பன்னிரண்டில் 75 சதவீதம் அல்லது போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் (மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு பேருக்குள்) வர வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.


பாண்டுப்_தகப்பன் | மே 7, இரவு 9:10

கோச்சிங் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரே வருடம் இருக்கும்போது சிஇடி, ஜேஇஇ, போர்டு மூன்றையும் தலையில் ஏற்றாதீர்கள். சிஇடி மகாராஷ்டிரா போர்டு பாடத்தை ஒட்டியே வரும், போர்டுக்குப் படித்தால் அதுவும் கூடவே வரும். தமிழ்நாட்டுக்கும் அதே போர்டு மார்க்தான். ஜேஇஇ மெயினை ஜனவரியிலோ ஏப்ரலிலோ எழுதிப் பார்க்கட்டும், அதற்கென்று லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். என் மகனை ஒரு இடத்தில் கடன் வாங்கிச் சேர்த்தேன். பதினொன்று, பன்னிரண்டு நடக்கும் ஜூனியர் காலேஜில் வகுப்பே நடக்காது, எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பிராக்டிகல் தேர்வுக்கு முந்தைய வாரம் வரை பையன் பியூரெட்டைத் தொட்டதில்லை.


உடன்குடிக்காரன் | மே 10, இரவு 11:02

மன்னிக்கவும், நான்கு நாளாக எழுத முடியவில்லை. கருப்பட்டிக் கணக்கு வீட்டையே புரட்டிப்போட்டுவிட்டது. மகள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"12 கிலோ சர்க்கரை கருப்பட்டியில் 92 சதவீதம். அப்படியென்றால் கருப்பட்டி 13 கிலோ. ஆவியாகும் தண்ணீர் 87 கிலோ. அதற்கு வெப்பம் 1,96,000 கிலோஜூல். விறகு 13 கிலோ. ஆச்சிக்குப் போன் பண்ணினேன். எத்தனை கிலோ என்று தெரியாது, கட்டுக் கணக்குதான் என்றார்கள். சித்தப்பாவை கருப்பட்டி நிறுக்கும் தராசிலேயே ஓலையும் மட்டையும் நிறுத்துப் பார்க்கச் சொன்னேன். 100 கிலோ பதநீருக்கு 70 கிலோ ஆகிறதாம். மீதி 57 கிலோ எங்கே போனது? அடுப்பு வாயில் வழியாகப் போகிறது, புகையோடு போகிறது, சட்டியின் பக்கத்தில் போகிறது. ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகம். உள்ளே போன 13 கிலோ விறகின் வெப்பமும் கடைசியில் ஆவியாக வானத்துக்குத்தானே போகிறது? அந்த ஆவியைப் பிடித்து இன்னொரு சட்டியைக் காய்ச்ச முடியாதா?"

நேற்று மூன்று பேருமாக மாட்டுங்கா போய் அந்தத் தெருவில் நடந்துவிட்டு வந்தோம் அக்கா. வாசலில் நின்று போர்டை வாசித்தாள். ஊருக்கு 18ம் தேதி டிக்கெட் போட்டிருக்கிறேன், நேட்டிவிட்டி வேலையை முடித்துவிட்டு வருவேன்.


பொவாய்_டிசைன் | மே 11, காலை 6:15

இதை வாசித்துவிட்டு என் மனைவியையும் எழுப்பி வாசித்துக் காட்டினேன்.

சின்னத் திருத்தம் ஒன்று. பதநீர் 30 டிகிரியில் இருந்து கொதிநிலைக்கு வரவே 28,000 கிலோஜூல் பக்கம் வேண்டும், அதை விட்டுவிட்டாள். சேர்த்தால் விறகு 15 கிலோ. அப்படிப் பார்த்தால் 70 கிலோவில் ஐந்தில் ஒரு பங்குதான் வேலைக்கு ஆகிறது.

ஆவியைப் பற்றிக் கேட்டாளே, அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு கேள்வியைக் கொடுக்கிறேன். முதல் சட்டியிலிருந்து வரும் ஆவி 100 டிகிரி. இரண்டாவது சட்டியில் இருக்கும் பதநீரும் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்றால் வெப்பம் எந்தப் பக்கம் ஓடும்? அது ஓட வேண்டுமென்றால் இரண்டாவது சட்டியை என்ன செய்ய வேண்டும்? மலை மேல் சோறு வேக ஏன் நேரமாகிறது என்று யோசித்தால் வழி கிடைக்கும். சர்க்கரை ஆலைகள் இதைத்தான் செய்கின்றன, நான்கைந்து சட்டியை வரிசையாக வைத்து.


உடன்குடிக்காரன் | மே 11, இரவு 10:40

கேள்வியைக் கொடுத்தேன் தம்பி. பிரஷர் குக்கரை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கணக்குக்கு வாரம் மூன்று நாள் டியூஷன் போகிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள், சயானில் ஒரு டீச்சர் இருக்கிறார். செம்பூர் ஐயா, நீங்கள் சம்மதித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். பாஷ் போட்ட அந்தத் துளை எவ்வளவு பெரியது என்று உங்களிடம் கேட்க வேண்டுமாம்.


செம்பூர்_பென்ஷன் | மே 12, காலை 5:50

வாருங்கள் தம்பி, ஊரிலிருந்து திரும்பிய மறுஞாயிறு காலையில். என் பழைய பிளாண்ட் டிராயிங் சில வீட்டில் இருக்கிறது, எடுத்து வைக்கிறேன். சித்தப்பா காய்ச்சின கருப்பட்டி கொஞ்சம் கொண்டுவந்தால் காபி போடலாம்.